பஸ்ஸுக்கு வழி விடுக!

நெரிசலா? சாலையை அகலப்படுத்து என்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அதைத்தான் செய்தார்கள். கேட்டி நெடுஞ்சாலையை 2008-ல் 20க்கும் மேற்பட்ட தடங்களாக விரித்தார்கள். விளைவு? சில ஆண்டுகளிலேயே கார்கள் பெருகின. நெரிசல் திரும்பி வந்தது!

தென்கொரியத் தலைநகர் சியோல் வேறு வழி கண்டது. சொங்கேசொன் ஓடையை மூடி நின்ற மேம்பாலச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கியது. 2004-ல் சாலை நடுவே பஸ்ஸுக்கெனத் தனித் தடம் ஒதுக்கியது. நகரம் நின்றா போய்விட்டது?

1953-ல் டிராமை இழந்த சென்னைக்கு பஸ்தான் ஏழையின் வாகனம். ஐம்பது தொழிலாளரைச் சுமந்து வரும் பஸ், ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்கும் காருக்குப் பின்னால் காத்துக் கிடப்பது என்ன நியாயம்? ஷிப்டுக்குப் பிந்தினால் கூலி வெட்டு யாருக்கு? காருக்குள் இருப்பவருக்கா? அடுத்த மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டுமுன், அண்ணா சாலையில் பஸ்ஸுக்கு ஒரு தடம் ஒதுக்கிக் காட்டட்டும்!