மேற்கே கண்ணாடி, மேலே சோலார்

புனே அருகே ஆகுர்டிப் பக்கம் ஒரு கட்டடக்கலைக் கல்லூரிக்கு ஜூரியாகப் போகும்போதெல்லாம், முதல் ஷீட்டைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிடும். சூரியப் பாதைப் படம், காற்றுக்கு நீல அம்பு, வெயிலுக்கு ஆரஞ்சு அம்பு, மூலையில் பச்சை எழுத்தில் 'சஸ்டெய்னபிள்'. அடுத்த ஷீட்டுக்குப் போனால் நாலு மாடி உயரத்துக்கு மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர்! இரண்டையும் வரைந்தது ஒரே கைதானா?

"சாயங்கால வெயிலுக்கு என்னப்பா பண்ணுவே?"

"டபுள் கிளேஸிங் சார். ஏசி இருக்கு. மாடியில சோலார் பேனலும் வெச்சிருக்கேன் சார்."

வெயிலைக் கண்ணாடி வழியே வரவேற்று, அதே வெயிலில் மின்சாரம் எடுத்து, அதை வைத்தே வெயிலை விரட்டுவார்களாம்! தெற்குச் சுவருக்கு ஒரு சஜ்ஜா நீட்டினால் போதும், உச்சி வெயில் அடங்கிவிடும். மேற்கு வெயில் தாழ்ந்து, நேராக உள்ளே நுழையும். அதற்குச் சஜ்ஜா உதவாது. மாடிப்படியையும் கழிப்பறையையும் ஸ்டோர் ரூமையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் பைசா செலவில்லை. இது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும்.

தெரியாமலா செய்கிறார்கள்? 2007-இல் வந்த எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு பற்றிக் கேளுங்கள், ஒப்பிப்பார்கள். 2017-இல் அது திருத்தப்பட்டதும் தெரியும். முழுக் கட்டடத்தையும் கணினியில் கணக்கிட்டு நிரூபிக்காவிட்டால், வெளிச்சுவரில் ஜன்னல் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. தீசிஸ் அறிக்கையில் இதையெல்லாம் எழுதிவிட்டு, எலிவேஷனில் 80 சதவீதம் கண்ணாடி போடுகிறார்கள். பசுமைக் கட்டடத்துக்குச் சொத்து வரிச் சலுகை தரும் பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சி எல்லைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் இத்தனையும். புனேயின் பழைய மாளிகையான விஷ்ராம்பாக் வாடாவுக்கு ஸ்டடி டூர் போய், முற்றத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வருகிறார்கள். அது வரலாற்றுத் தாளோடு முடிந்துபோகிறது.

பிள்ளைகளை மட்டும் திட்டி என்ன பயன்? ஸ்டூடியோவில் பட்டப்பகலில் லேப்டாப் திரை தெரியவில்லை என்று திரைச்சீலையை இழுத்து மூடி, அத்தனை ட்யூப்லைட்டையும் எரியவிட்டுத்தான் 'பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்துதல்' பாடம் நடக்கிறது. ஜூரியில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களோ, எல்லா விளக்கும் எரிகிற ராத்திரிக் காட்சி ரெண்டர் படத்தைப் பார்த்து "வாவ்" என்று மார்க்கை அள்ளிப் போடுகிறார்கள். மார்க் எங்கே விழுகிறதோ, பையன் அங்கேதான் உழைப்பான்.

ஐயா, அம்மா, ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஏப்ரல் மாதம் மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரில் நிழல் எங்கே விழுகிறது என்று காட்டாத எலிவேஷனுக்கு மார்க் போடாதீர்கள். ஸ்கெட்ச்அப்பில் அது இரண்டு நிமிட வேலை.