அறிக்கை எழுதியவர் யார் என்று கேட்போம்

தோழர்களே, "நிபுணர்கள் ஆய்வு செய்து சொல்லிவிட்டார்கள்" என்ற ஒரு பேச்சு வந்தால் போதும், பேச்சுவார்த்தை மேசையில் நம் பக்கம் வாயடைத்துப் போகிறது. அந்த நிபுணர்கள் யார், அவர்களை அழைத்து வந்தது யார், கொடுத்த பணம் எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாபிரிக்கா ஒரு பாடம்.

அரசுகளுக்கும் பெரிய கம்பனிகளுக்கும் "இப்படி நிர்வாகம் நடத்துங்கள்" என்று சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்குபவை முகாமைத்துவ ஆலோசனை நிறுவனங்கள். அமெரிக்காவின் பெய்ன் அன்ட் கம்பனி அவற்றில் பெரிய ஒன்று. தென்னாபிரிக்காவின் வரி அறவிடும் நிறுவனத்தைச் சீரமைப்பதற்கென்று 2015இல் அதற்கு வேலை கொடுத்தார்கள். முதலில் சில கிழமை வேலைக்கு 26 இலட்சம் ராண்ட். பிறகு ஒப்பந்தம் நீண்டுகொண்டே போய், தொகை 16 கோடியே 40 இலட்சம் ராண்டாக வளர்ந்தது.

வெளியில் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாமல் நடந்ததை நீதிபதி ரொபர்ட் நியூஜென்ட் தலைமையிலான ஆணைக்குழு 2018இல் வெளியே கொண்டுவந்தது. ஒப்பந்தத்துக்கு வெகுகாலம் முன்பே பெய்னின் உள்ளூர்த் தலைவர் அன்றைய ஜனாதிபதி ஜேக்கப் சூமாவைப் பலமுறை சந்தித்திருந்தார். வரி நிறுவனத்துக்குத் தலைவராக வரவிருந்த டொம் மொயானேயையும், அவர் பதவி ஏற்கும் முன்பே சந்தித்துப் பேசியிருந்தார். அதாவது டெண்டர் என்பது ஊருக்குக் காட்டிய காட்சி. முடிவு முன்பே எடுத்தாயிற்று.

நன்றாக இயங்கிய நிறுவனம் குலைந்தது. பெரிய கம்பனிகளின் வரியைக் கவனித்த பிரிவு கலைக்கப்பட்டது. சுமார் 200 முகாமையாளர்கள் தங்கள் பொறுப்புகளை இழந்தார்கள். அவர்களில் பலருக்குக் கதிரை இருந்தது, செய்ய வேலை இல்லை. வரி வருமானம் குறைந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பள்ளத்தை நிரப்ப 2018 ஏப்ரலில் பெறுமதி சேர் வரியை 14இலிருந்து 15 வீதமாக உயர்த்தினார்கள். வற் கூடினால் யார் வயிற்றில் அடி விழும் என்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2024 ஜனவரியில் இங்கே அது 18 வீதமானபோது கடைக்குப் போனவர்கள்தானே நாம்.

பெய்ன் வாங்கிய கட்டணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. தவறுகள் நடந்தன என்று ஒப்புக்கொண்டது, வேண்டுமென்று கெடுக்கவில்லை என்றும் சொன்னது. 2022இல் தென்னாபிரிக்கத் திறைசேரி அரச வேலைகளில் இருந்து அதைப் பத்து ஆண்டுகளுக்கு விலக்கியது. ஆனால் உண்மையை வெளிப்படையாகப் பேசிய அதன் முன்னாள் பங்காளர் அதோல் வில்லியம்ஸ், உயிருக்குப் பயந்து 2021இல் நாட்டை விட்டே போனார். கம்பனி பணத்தைக் கட்டிவிட்டு வேறு ஊரில் தொழிலைத் தொடரலாம். வாய் திறந்தவருக்கு ஊரே இல்லாமல் போனது.

இந்தத் தொழிலின் கோளாறு இங்கேதான். ஆலோசனை சொல்பவர் முடிவுக்குப் பொறுப்பில்லை, ஏனென்றால் முடிவெடுத்தது நிர்வாகம். நிர்வாகமோ, நிபுணர் சொன்னபடி செய்தோம் என்கிறது. நடுவில் வேலை இழப்பவர் யாரிடம் போய்க் கேட்பது?

கணக்குத் தெரிந்தவர்கள் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. தொழிற்சாலைக்கும் தேவை, மண்ணுக்கும் தேவை, நம் சங்கத்துக்கும் தேவை. ஆனால் நாட்சம்பளத்தையோ, கொழுந்தின் கிலோ கணக்கையோ, பிள்ளை மடுவத்தையோ, வேலை நாட்களையோ தொடுகிற எந்த ஆய்வையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. யார் கேட்டு எழுதியது? யார், எவ்வளவு கொடுத்தார்கள்? மலையில் ஏறிக் கொழுந்து பறிப்பவரிடம் ஒரு வார்த்தை பேசினார்களா, இல்லை அலுவலகப் புத்தகத்தை மட்டும் பார்த்தார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வரும்வரை அது ஆய்வு அல்ல, ஒரு தரப்பின் வாதம்.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாரிடம் நாம் கேட்பது ஒன்று. "அறிக்கை சொல்கிறது" என்று துரை சொன்னால், முழு அறிக்கையையும் தமிழில் கேளுங்கள். படித்துப் பார்க்க நாள் கேளுங்கள். அதற்கு முன் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தோட்டத்தில் படித்த பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் உட்கார வைத்து வரி வரியாக வாசியுங்கள். நம் உழைப்பைப் பற்றி எழுதப்பட்ட எதையும் வாசிக்கும் உரிமை நமக்கு உண்டு.