துருப்பிடித்த க்ஷவரக் கத்தி

பழைய டிரங்குப் பெட்டிகளைக் குடையும் வழக்கமுள்ள நேயர்களில் சிலருக்காவது, பாட்டனார் காலத்து மடக்குக் க்ஷவரக் கத்தி ஒன்று அகப்பட்டிருக்கும். கொம்புப் பிடி, தகடு முழுவதும் செந்துரு, பிடிக்கருகே உற்றுப் பார்த்தால் 'ஷெபீல்டு' என்ற முத்திரை. காயலான் கடைக்கு அனுப்பிவிடலாம் என்பார்கள் வீட்டார். சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் 5 நிமிஷத்தில் பளபளவென்று ஆகிவிடும் என்பார் வீட்டு இளைஞர். இவ்விரண்டில் இரண்டாவது யோசனையே அதிக அபாயமானது என்பது நமது அபிப்பிராயம். காயலான் கடைக்குப் போன கத்தியையாவது திரும்ப வாங்கிவிடலாம்.

காரணம் இதுதான். க்ஷவரக் கத்தியின் வாய் காகிதத்தைக் காட்டிலும் மெல்லியது. அதன் எஃகு, பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதம் பண்ணப்பட்டது. சுழலும் சாணையில் பட்டதும் அந்த விளிம்பு கண நேரத்தில் சூடேறுகிறது. சுமார் 300 டிகிரி சென்டிகிரேடில் எஃகின்மேல் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கையால் தேய்ப்பதில் இந்த ஆபத்து இல்லை. எஃகு கெடும் சூட்டுக்கு வெகு முன்பே நம் விரல் பொறுக்க மாட்டாமல் விலகிவிடும்.

ஆகையால் பொறுமையுள்ளவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

முதலில் பரிசோதிக்க வேண்டியது வாய். துரு, அம்மைத் தழும்பைப் போல் குழி பறிக்கும் வியாதி. குழிகள் தகட்டின் நடுவில் இருந்தால் பாதகமில்லை. வாயோரத்தில் ஆழ்ந்திருந்தால், தீட்டத் தீட்ட விளிம்பு பொடிந்துகொண்டே வரும். அத்தகைய கத்தியைத் துடைத்து எண்ணெயிட்டு ஞாபகார்த்தமாக வைத்துக் கொள்வதே மரியாதை. பிடியையும் கவனிக்க வேண்டும். கொம்பும் தந்தமும் சாது. செல்லுலாய்டு அப்படியல்ல, வயதானபின் அது சிதைந்து விடும் அமில ஆவி, தான் காக்க வேண்டிய தகட்டையே அரித்துவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! அந்தப் பிடியை மாற்றிவிடுவது நலம்.

பிறகு தகட்டை மட்டும் ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மேல் துருவைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அதை ஒரு மரக்கட்டையின்மேல் கிடத்தி, 400-ஆம் எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 600, 1000, 2000 என்று ஏறிச் செல்லலாம். எப்போதும் முதுகிலிருந்து வாயை நோக்கியே தேய்க்க வேண்டும். எதிர்ப்புறம் தேய்த்தால் கத்தி துருவை விட்டுவிட்டு விரலைக் கவனிக்கும். சில கறுத்த கறைகள் எஞ்சினால் எஞ்சட்டும். அவற்றையும் போக்கியே தீருவேன் என்கிறவர் கடைசியில் முத்திரையையும் போக்கிவிடுவார்.

முத்திரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்நாட்டு உருக்கு, 'வூட்ஸ்' என்ற பெயரில் 1790-களில் லண்டன் விஞ்ஞானிகளிடம் போய்ச் சேர்ந்தது. அவ்வூர்க் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதைப் பரீட்சித்து மெச்சினார். பின்னர் அவரும் மைக்கேல் பாரடேயும் சேர்ந்து எஃகு ஆராய்ச்சி நடத்தி, 1820-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பாரடே தாம் செய்த எஃகில் க்ஷவரக் கத்திகள் அடிப்பித்து நண்பர்களுக்கு வழங்கியதும் உண்டு. ஷெபீல்டு முத்திரையைக் கண்டு பிரமிப்பவர்கள் இதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனித் தீட்டுதல். முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படியும்படி கத்தியைக் கிடத்த வேண்டும். கூரின் கோணத்தை நிர்ணயிப்பது முதுகின் கனமே. ஆகவே உப்புத்தாளால் முதுகைத் தேய்த்துக் குறைத்தவர் கோணத்தையே கெடுத்தவராவார். கல்லில் வாய் முன்னே செல்ல வேண்டும். தோல்வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும். மறந்தால் தோல்வார் இரண்டாகும். முதற் பரீட்சையை முழங்கை ரோமத்தின்மேல் நடத்துவது உத்தமம், கன்னத்துக்கு அவசரமில்லை. உபயோகித்த ஒவ்வொரு தடவையும் ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வைக்கவும். கடற்கரையோர ஊர்களில் வசிப்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் பார்க்கவும்.