அந்த டிவியை எடைக்குப் போடாதீங்க!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சில வீட்டுப் பரண்ல இன்னும் 14 இஞ்ச் கலர் டிவி கிடக்கும். 2006-ல் தொடங்கிய அரசு இலவச டிவி திட்டத்தில் வந்தது. வீட்டில் பழைய கேசட் கேமும் இருந்தால், அந்த டிவியை எடைக்குப் போடாதீங்க. அதுதான் என் கட்சி.

டியூப் டிவி சிக்னல் வந்த வேகத்திலேயே படம் வரையும். எல்இடி டிவி அதைப் பெரிதாக்கித்தான் காட்டும். அதற்குள் மரியோ பள்ளத்தில்! டக் ஹன்ட் துப்பாக்கி டியூப் டிவியின் ஒளியை நம்பிச் செய்தது. எல்இடியில் வாத்து சாகவே சாகாது. எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கினாலும் இது தீராது.

மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. அவ்வளவுதான் வேலை. பின்மூடியை மட்டும் கழட்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே ஹை வோல்டேஜ் நிற்கும்.

எல்இடி மட்டும்தான் இருக்கா? கேம் மோடை ஆன் பண்ணி, 4:3 வைங்க. ஓரளவு சமாளிக்கலாம். ஆனா எடைக்குப் போன டியூப் டிவிக்குப் பதிலா புதுசு கடையில கிடைக்காது.