துண்டை மட்டும் பிடித்துக்கொண்ட நினைவு

கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்தைக் கோர்ட்டு விட்டாலும் ஜனங்கள் விடவில்லை, ஜனங்களின் அந்த நினைவுதான் உண்மையான தீர்ப்பு என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். பந்து வீசும் பையன் இடுப்பில் துண்டைச் சொருகினால் இன்றும் கிளம்பும் கேலிதான் அவர் காட்டும் ஆதாரம். சூதாட்டத் தரகர்களுக்குச் சைகையாக ஸ்ரீசாந்த் அப்படித் துண்டைச் சொருகிக்கொண்டார் என்பது அன்றைய குற்றச்சாட்டு. கேலி உண்மைதான், எங்கள் ஊர் அகளியிலும் கேட்கிறது. அதைத் தீர்ப்பு என்பது அபாண்டம்.

ஸ்பாட் பிக்சிங் புகாரில் 2013 மே 16 அன்று ஸ்ரீசாந்தோடு சேர்த்துக் கைதான ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூன்று பேர். அஜித் சண்டிலாவையும் அங்கீத் சவானையும் வைத்துக் கேலி பேசுகிறவர் யாராவது உண்டா? ஸ்ரீசாந்த் 2007 இருபது ஓவர் உலகக்கோப்பையின் கடைசிக் கேட்சைப் பிடித்தவர், ஆட்டத்தில் ஆவேசம் காட்டியவர். ஜனங்களின் நினைவுக்கு முகம் வேண்டியிருந்தது. இருந்ததில் தெரிந்த முகத்தைப் பிடித்துக்கொண்டது.

அவரை நிரபராதி என்று நான் வாதாட வரவில்லை. 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் மூவரையும் வழக்கிலிருந்து விடுவித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் வாரியத்தின் வாழ்நாள் தடையை நீக்கியபோதும் தவறே இல்லை என்று சொல்லவில்லை. தண்டனையின் அளவை மறுபடி பார் என்றது. தடை ஏழாண்டானது. இந்தச் சிக்கலில் ஒரு இழையாவது அந்தக் கேலியில் இருக்கிறதா?

இனி, கட்டுரையாளர் தொடவே துணியாத இடத்துக்கு வருகிறேன். எங்கள் அகளியிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் கோவை. எங்கள் பக்கத்திலும் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டைக்குக் குறைவில்லை. அந்த அணியின் நிர்வாகத்திலிருந்த குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியது நிரூபணமானதென்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஜூலையில் அந்த நீதிமன்றம் அமைத்த லோதா குழு அவருக்கு வாழ்நாள் தடையும், சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டாண்டுத் தடையும் விதித்தது. பிறகு என்ன நடந்தது? 2018இல் சென்னை திரும்பி வந்து கோப்பையை வென்றது. ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது ரசிகர்கள் தனி ரயிலேறிப் போனார்கள். மறுவருடம் அந்த மீள்வருகையைக் கொண்டாடி ஆவணத் தொடரே வந்தது. தண்டனைக் காலம் வனவாசக் கதையாகிவிட்டது; எதற்காகத் தண்டனை என்பது கதையிலிருந்து உதிர்ந்துவிட்டது.

கோர்ட்டு வழக்கில் நிற்காத துண்டை மறக்காத ஜனங்கள், நிரூபணமான பந்தயத்தை மறந்துவிட்டார்கள். பணமும் நிர்வாகமும் கைகோத்த இடத்தைக் கேலி எட்டவே இல்லை. இதைத் தீர்ப்பென்று மெச்சுகிறவரின் கட்டுரையில் மெய்யப்பன் பெயர் ஓரிடத்திலும் இல்லை.