மாட்டுங்கா மெஸ்ஸும் நாடோடி விசாவும்

வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகிய மும்பை இளைஞர்களுக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது: சம்பளம் இங்கே, வாசம் வெளிநாட்டில். கதவும் திறந்துதான் இருக்கிறது. மலேசியா 2022 அக்டோபரில் 'டிஇ ரன்தாவ்' அனுமதியைக் கொண்டுவந்தது. கணினித் துறையினர் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் வருமானம் காட்ட வேண்டும். தாய்லாந்தின் 'டிடிவி' விசா 2024 ஜூலையில் வந்தது. 5 லட்சம் பாத் கையிருப்பு காட்டினால் 5 ஆண்டு செல்லும். நுழையும் ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம்.

பிழைப்புக்காக ஊர்விட்டுப் போவது மும்பைத் தமிழர்களுக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களுக்குத் தோல் தொழிலில் சொந்தபந்தம் இருந்தது. டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் முடித்து மாட்டுங்காவில் இறங்கியவருக்கு ஊர்க்காரர் அறையில் பாய் விரிக்க இடமும், மாதக் கணக்கில் சாப்பிட மெஸ்ஸும் கிடைத்தன. பிள்ளைகள் படிக்க, 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இருந்தது. அவர்கள் வேலை தேடி வந்தார்கள். தாங்க ஆள் இருந்தது. மடிக்கணினியோடு கிளம்புகிறவருக்கு வேலை இருக்கிறது, தாங்கத்தான் ஆளில்லை.

ஆகவே சிலவற்றை இங்கேயே முடித்துவிட வேண்டும். முதலில் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி. ஊழியர் இருக்கும் நாட்டில் நிறுவனத்துக்கே வரிப் பொறுப்பு வரலாம் என்பதால், மேலாளரின் வாய்ச்சொல் செல்லாது.

அடுத்தது வரி. ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவருக்குப் பொதுவாக உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி உண்டு. தாய்லாந்தில் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் தங்கினால் அங்கேயும் வரிக்கணக்கில் வருவார். நம் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்களுடையது ஜனவரியில். நாள் எண்ணாதவர் இரண்டு பக்கமும் மாட்டுவார். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தாலும், சலுகையைக் கேட்டு வாங்க ஆவணம் வேண்டும்.

சின்ன விஷயங்களும் காலை வாரும். செம்பூர் வீட்டுக் கடன் தவணையைக் கட்ட உட்கார்ந்தால், ஓடிபி வரவேண்டிய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். இங்குள்ள மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்திய மருத்துவமனைகளோடு சரி. பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளுக்கும் ஆடிட்டர்களுக்கும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பஞ்சமில்லை. நம் சங்கங்கள் மாதம் ஒரு மாலை அவர்களை உட்காரவைத்து, கிளம்பும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டும். மெஸ் நடத்திய தலைமுறை செய்ததை விட இது சுலபமான வேலைதான்.