பத்திரத்தில் எழுதினால் பந்தம் முறியுமா?

புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். "இனி அவ வழி அவளுக்கு, இவன் வழி இவனுக்கு" என்று முடிவாகிறது. முத்திரைத்தாள் வாங்கி, டைப் அடித்து, இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். நோட்டரி முத்திரையும் விழுகிறது. நகையும் சீரும் கைமாறுகின்றன. "அப்பாடா, தீர்ந்தது" என்று காபி குடித்துவிட்டு எல்லோரும் கலைகிறார்கள்.

தீர்ந்ததா? தீரவில்லை! சட்டத்தின் கண்ணில் அந்த இருவரும் இன்னமும் புருஷன்-பெண்சாதிதான்.

1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து கொடுக்க வேண்டியது கோர்ட்டு. சில சமூகங்களில் "அத்து விடுவது" என்ற பழைய வழக்கம் உண்டு. அதை அந்தச் சட்டம் விட்டு வைத்திருப்பதும் உண்மை. ஆனால் தகராறு என்று வந்தால், அப்படி ஒரு வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். "எங்க ஜாதியில இப்படித்தாங்க" என்று வாயால் சொன்னால் எடுபடாது.

"எங்களுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். மாலைதானே மாத்தினோம், கழட்டி வச்சா போச்சு" என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 1967-ம் ஆண்டு தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் அந்தத் திருமணத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. செல்லும் கல்யாணத்தை முறிக்கவும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

நோட்டரிகள் திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதித் தரக்கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகமே 2024-ல் அறிவுறுத்தியது. அதற்கு மேலும் முத்திரை குத்துகிறவரை என்ன சொல்ல?

பத்து வருஷம் கழித்து வரும் வினை

பத்திரத்தை நம்பி ஒருவர் மறு கல்யாணம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கல்யாணம் செல்லாது. முதல் மனைவி புகார் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பழைய சட்டத்தில் 494-வது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 82-வது பிரிவு.

புகாரே வராவிட்டாலும் வினை விடாது. அவர் கண்ணை மூடிய பிறகு குடும்ப பென்ஷன், பிராவிடண்ட் பண்டு, வீடு என்று கேட்கப் போகும்போதுதான் "சட்டப்படி மனைவி யார்?" என்ற கேள்வி கிளம்பும். இரண்டாவதாக வந்தவள் கையில் பதில் இருக்காது. அவள் பெற்ற பிள்ளைகளைச் சட்டம் முறையான பிள்ளைகள் என்று ஏற்கும். அவளை மனைவி என்று ஏற்காது. ஒரு பாவமும் அறியாத பெண் நடுத்தெருவில் நிற்பாள்.

"கோர்ட்டுக்குப் போனா இழுக்குமே!"

பத்திரம் எழுதுகிறவர்கள் சொல்லும் சமாதானம் இதுதான். சண்டை வழக்கு இழுக்கும், உண்மை. ஆனால் இரு தரப்பும் பிரிய ஒத்துக்கொண்ட பிறகு சண்டை ஏது? அதற்கென்றே 1976-ல் பரஸ்பர சம்மத விவாகரத்து வந்தது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருந்தால், இருவரும் சேர்ந்து ஒரே மனு போடலாம். 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், மறுபடி வந்து "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லை என்று கோர்ட்டுக்குப் பட்டால் அந்த 6 மாதத்தையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

பெரியவர்கள் பேசி முடித்ததே முக்கால் வேலை. அதே பேச்சை மனுவாக்கித் தீர்ப்பு வாங்குவதுதான் மிச்சம் கால் வேலை. அந்தக் கால் வேலைக்குச் சோம்பல் பட்டுத்தான் பலர் முழுசாக மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒருவர் மட்டும் பிரிய நினைத்தால் கதை வேறு. "பிடிக்கலை" என்பது காரணம் ஆகாது. கொடுமை, தகாத உறவு, 2 வருஷம் கைவிட்டுப் போனது, மதம் மாறியது போன்ற காரணம் வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும். மணவாழ்க்கை ஒட்டவே முடியாதபடி முறிந்துவிட்டது என்று மட்டும் சொல்லி விவாகரத்து கொடுக்கும் தனி அதிகாரம் தனக்கு உண்டு என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. குடும்பநல கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை.

வக்கீல் எதற்கு?

1984-ம் ஆண்டு சட்டப்படி குடும்பநல கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல. கோர்ட்டு அனுமதித்தால்தான் உண்டு. "அப்ப வக்கீல் எதுக்கு? காசு பிடுங்கவா?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் வக்கீலின் பெரிய உதவி மனு போடுவதற்கு முன்பே நடக்கிறது.

காரணம் நிற்குமா, எந்த ஊர் கோர்ட்டு என்பதை அவர் பார்ப்பார். மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போட 2003 முதல் வழி உண்டு. பிள்ளை யாரிடம் வளரும், அப்பா எந்த நாளில் வந்து பார்க்கலாம், படிப்புச் செலவு யாருடையது, நகை எவ்வளவு என்பதைப் பின்னால் சண்டை வராதபடி எழுதித் தருவார். ஜீவனாம்சம் கேட்டால் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அதில் மறைத்தால் என்ன ஆகும் என்றும் எச்சரிப்பார்.

கட்சிக்காரர் கோபத்தில் சொல்வதையெல்லாம் அப்படியே மனுவில் ஏற்றுகிறவர் நல்ல வக்கீல் அல்ல. ஒழுக்கத்தின் மேல் ஒரு பொய்ப் பழியை எழுதிவிட்டால், பேசித் தீர்க்கும் கதவு அன்றோடு அடைந்துவிடும். நாளைக்கு அந்தக் காகிதத்தைப் பெற்ற பிள்ளையே படிக்கும்.

காசு இல்லையே என்று பெண்கள் தயங்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டு சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

மற்ற மதத்தினருக்கும் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும் சட்டம் வேறு வேறு. அவரவர் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எல்லோருக்கும் பொதுவான புத்தி ஒன்று: பத்திரம் எழுத டைப்பிங் கடைக்குப் போகும் முன்பு, ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பின்னால் கோர்ட்டுப் படியில் கழியப்போகும் பல வருஷம் மிச்சமாகும்!